ரசீது என்னும் ஒன்பதாவது வழி

சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் ஓர் அர்த்தநாரீசுவரரை விலைக்கு வாங்கியது. சோழர் காலத்துக் கருங்கல் சிலை. விலை மூன்று லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். சிலையின் பூர்வோத்தரம் சொல்லும் காகிதமும் கூடவே வந்தது. 1970இல் தில்லியில், செம்பு பித்தளைச் சாமான் விற்கிற ஒரு கடையில் பணம் கொடுத்து வாங்கியது என்றது அந்த ரசீது. பாண்டி பஜார் பாத்திரக் கடைக்குப் போய் அம்மிக்கல் கேட்டுப் பாருங்கள். கடைப் பையன் உங்களை மேலும் கீழும் பார்ப்பான். சிட்னியில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பித்தளைக் கடைக்குள் கருங்கல் சாமி எப்படி வந்தார் என்ற கேள்வி ஊரறிய எழுவதற்கு ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின.

அந்த அர்த்தநாரி விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் சுவர் மாடத்தில் நின்றிருந்தவர். அவரைப் பெயர்த்து எடுத்தவர்கள் மாடத்தைக் காலியாக விடவில்லை; அதே இடத்தில் புதிதாக ஓர் அர்த்தநாரியை நிறுத்திவிட்டார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படத்தையும் சிட்னிச் சிலையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது குட்டு உடைந்தது. 2014 செப்டம்பரில் தில்லி வந்த ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் அதை நரேந்திர மோடியிடம் ஒப்படைத்தார்.

இந்தக் காலி மாடத்தைப் பற்றி, அதாவது காலியாக இல்லாத மாடத்தைப் பற்றி, கொஞ்சம் யோசிக்கலாம். 1911 ஆகஸ்டில் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனாலிசா காணாமல் போனது. வின்சென்சோ பெருஜ்ஜியா என்ற இத்தாலியத் தொழிலாளி அதைத் தூக்கிப்போய் இரண்டு வருஷம் தன் அறையில் வைத்திருந்தான். இடையில் பிக்காசோவைக்கூடப் போலீஸ் விசாரித்தது. படம் மாட்டியிருந்த வெற்றுச் சுவரைப் பார்ப்பதற்கென்றே லூவரில் கூட்டம் வரிசை கட்டியது. மேற்கத்தியக் கலைத் திருட்டு நாவல்கள் அத்தனையும் அந்த வெற்றுச் சுவரில் பிறந்தவை என்று சொல்லலாம். பொருள் போய்விட்டது, எல்லாருக்கும் தெரியும், கெட்டிக்காரத் திருடன் ஒருவன், துரத்துகிற துப்பறிவாளன் ஒருவன். நம் ஊரில் சுவர் வெறுமையாவதே இல்லை. திருடு போனது தெரியாமல் அதே இடத்தில் விளக்கேற்றிக் கும்பிடுகிறோம். இங்கே நடக்கிற திருட்டுக்கு மேற்கின் நாவல் சட்டை பொருந்தாததற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் இன்னும் பழையது. மதுரை வரை போக வேண்டும். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் ஒரு பொற்கொல்லன் வருகிறான். அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருப்பவனே அவன்தான். கோவலனைக் கொல்ல வந்த காவலர்கள் இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கும்போது, கள்வர்களின் சாத்திரத்தை அவர்களுக்குப் பாடம் எடுக்கிறான். மந்திரத்தில் தொடங்கிக் கருவி வரையில் திருடர்களுக்குத் துணை எட்டு என்று விரல் விட்டு எண்ணாத குறையாக விளக்குகிறான். திருடன் போலீசுக்குக் குற்றவியல் வகுப்பு எடுக்கிறான். வகுப்பு முடிந்ததும் நிரபராதியின் தலை விழுகிறது. தமிழில் இருண்ட நகைச்சுவை இல்லை என்று யாராவது சொன்னால் அந்தக் காதையைத்தான் கையில் கொடுக்க வேண்டும். அடுத்து வருவது அதைவிடப் பெரிய விஷயம்: கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள், உள்ளே இருப்பது முத்தல்ல, மாணிக்கம். பொருளே சாட்சி சொல்லுகிற வழக்கு. பின்னால் லண்டன் நீதிமன்றத்தில் கறையான் சாட்சி சொல்லப் போகிறது; அதற்கு இது முன்னோட்டம்.

பொற்கொல்லன் சொன்ன எட்டில் ஒன்று விட்டுப் போயிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் கள்வர்கள் அந்த ஒன்பதாவதைக் கண்டுபிடித்தார்கள்: ரசீது. பூட்டை உடைப்பது திருட்டின் சின்னப் பகுதி. எடுத்து வந்த சாமிக்கு ஒரு வரலாறு எழுதுவதுதான் பெரிய பகுதி. யார் வாங்கினார், எந்த ஊரில், எந்த ஆண்டில், எப்படி வெளிநாடு போனது, எந்தக் குடும்பத்தில் இருந்தது என்று பாத்திரங்களும் இடமும் காலமும் சேர்த்து ஒரு கதை எழுத வேண்டும். ஆக, தமிழ்நாட்டுக் கலைத் திருடனைப் பற்றிய நாவலை யாராவது எழுத வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. திருடர்களே எழுதிவிட்டார்கள். அதை அருங்காட்சியகங்கள் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கின. கவனமாகப் படித்தவர்கள் மிகச் சிலர்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள சிவபுரத்திலிருந்து தொடங்கலாம். 1951இல் அங்கே வயலில் புதையலாகச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன; அதில் ஒரு நடராசர். ஊர்க் கோயிலுக்கே கொடுத்தார்கள். 1954இல் பழுதுபார்க்க ஒரு ஸ்தபதியிடம் போனார்கள் சாமிகள். திரும்பி வந்தவை நகல்கள். அசல் நடராசர் பம்பாய் வழியாக நியூயார்க் போய், எழுபதுகளின் தொடக்கத்தில் நார்ட்டன் சைமன் என்ற கலிபோர்னியப் பணக்காரர் கைக்கு வந்தார். அன்று பேசப்பட்ட விலை ஒன்பது லட்சம் டாலர்.

இடைப்பட்ட காலத்தில் சிவபுரத்தில் என்ன நடந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். அபிஷேகம் நடந்தது. ஆருத்ரா வந்தது, போனது. பால், தயிர், இளநீர், விபூதி எல்லாம் நகலுக்கு முறை தவறாமல் நடந்திருக்கும். அவர் நகல் என்பதைச் சொன்னவர் குருக்களும் இல்லை, அறநிலையத் துறையும் இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் என்ற ஆய்வாளர் 1965இல் வெளியிட்ட சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய நூலில், சிவபுரம் கோயிலில் இருப்பது அசல் அல்ல என்று எழுதினார். பக்தன் காணாததை நிபுணன் கண்டான்.

பக்தன் தோற்றுவிட்டான் என்று இதற்கு அர்த்தமா? ஆகமம் தெரிந்த ஒரு குருக்களிடம் கேட்டால், கண் திறந்து, கலசநீர் ஊற்றி, மந்திரம் சொல்லி எழுந்தருளச் செய்த பின் உலோகத்தின் வயதைப் பற்றி ஆண்டவன் கவலைப்படுவதில்லை என்பார். பழுதான திருமேனியை மாற்றுவதும் சாத்திரத்துக்கு உடன்பாடானதே. கள்வர்கள் நுழைந்த சந்து இதுதான். நம் வழிபாடு மூர்த்தியில் இருக்கிறது, பொருளில் இல்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கோ பொருள்தான் எல்லாம். அவனுக்குப் பொருளையும் நமக்கு மூர்த்தியையும் பிரித்துக் கொடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் திருப்தி. நடுவில் இருப்பவனுக்குத் தரகு. கேட்கக் கசந்தாலும், சிலைத் திருட்டு முப்பது நாற்பது ஆண்டு சத்தமில்லாமல் நடந்ததற்கு இந்தப் பிரிவினையைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

1976இல் இந்திய அரசும் சைமனும் சமரசம் செய்துகொண்டார்கள்: பத்தாண்டு அவர் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், பிறகு திருப்பித் தர வேண்டும். திருடு போனது நம் வீட்டுப் பொருள், தவணையோ அவருக்கு. 1986இல் நடராசர் நாடு திரும்பினார். சிவபுரத்துக்குப் போகவில்லை, அங்கே பாதுகாப்பில்லை. சென்னைக்குக் கொண்டுவந்து மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பெட்டகத்தில் பூட்டி வைத்தார்கள். அறுபத்துமூவர் விழாவுக்கு மாட வீதிகளில் மோர்ப்பந்தலும் புளியோதரைப் பொட்டலமுமாக லட்சம் பேர் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, உலகத்தின் மிகப் பிரபலமான நடராசர்களில் ஒருவர் சில சுவர்களுக்கு அப்பால் இருட்டில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். எலும்பும் சாம்பலுமாகக் குடத்தில் இருந்த பூம்பாவையைச் சம்பந்தர் உயிரோடு வெளியே வரவழைத்ததாகச் சொல்லப்படும் ஊர் மயிலை. வந்த நடராசரை உள்ளே வைத்துப் பூட்டியதும் அதே ஊர்.

பத்தூர் வழக்கு இதைவிடச் சிரிப்பும் இதைவிடப் பெருமையும் உள்ளது. திருவாரூர் பக்கத்தில் பத்தூர் என்ற சிற்றூர். விசுவநாதசுவாமி கோயில் இடிந்து கிடந்தது. 1976இல் ஒரு கூலித் தொழிலாளி குடிசைக்காக மண்ணைத் தோண்டும்போது நடராசரும் வேறு சில சாமிகளும் கிடைத்தார்கள். நடராசரை இருநூறு ரூபாய்க்கு விற்றார். ஆறு வருஷம் கழித்து, 1982இல், கனடாவின் பம்ப்பர் டெவலப்மென்ட் என்ற எண்ணெய்க் கம்பெனி லண்டனில் அதே நடராசரை இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது, பொய்யான பூர்வோத்தரத்துடன். துடைத்துச் சுத்தம் செய்ய பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது.

நடராசருக்கு உரிமை கோரி வழக்காடியவர்கள் யார் என்பதில்தான் விசேஷம். இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயிலின் தக்கார், இடிந்த கோயில், அந்தக் கோயிலின் சிவலிங்கம். சிவபெருமான் இங்கிலாந்து நீதிமன்றத்தில் உரிமை கோரி நின்றார். கூண்டேறி உறுதிமொழி எடுக்கச் சொன்னால் யார் மேல் ஆணையிடுவார் என்ற கேள்வியை அன்று எந்த வக்கீலாவது தேநீர் இடைவேளையில் கேட்டிருப்பார் என்று நம்ப விரும்புகிறேன். எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? கோயில் என்பது கல் குவியல், அதற்கு வழக்குப் போடும் உரிமை ஏது என்றது. சட்டப் பேச்சு அப்படி ஓடிக்கொண்டிருக்க, பொருட்சாட்சிகள் வந்தன. பத்தூர் மண்ணும் நடராசர் மேல் ஒட்டியிருந்த மண்ணும், உலோகத்தில் கறையான் விட்டுப்போன தடமும் ஆராயப்பட்டன. அதே குழியில் கிடைத்த மற்றத் திருமேனிகளின் பாணியோடு ஒப்பிட்டு நிபுணர்கள் வாதாடினார்கள். நம் தரப்பில் போய்ச் சாட்சி சொன்னவர் இரா. நாகசாமி, தமிழ்நாடு தொல்லியல் துறையின் முதல் இயக்குநர். 2022 ஜனவரியில் காலமானார். எல்லியட்ஸ் கடற்கரைக் காற்று வாங்கப் போகிற எத்தனை பேருக்கு, பெசன்ட் நகரில் குடியிருந்த அந்தப் பெரியவர் கறையானைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய கூட்டத்தில் ஒருவர் என்று தெரிந்திருக்குமோ.

1988இல் தீர்ப்பு நமக்குச் சாதகம். 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இடிந்த கோயிலுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. இங்கிலாந்துச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற தீர்ப்பு அது. நடராசர் அந்த ஆண்டே திரும்பினார். பத்தூருக்கா? இல்லை. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்கு.

இந்த இரண்டு கதையிலும் சென்னை ஓரத்தில்தான் நிற்கிறது. நடுவுக்கு வருவது சுபாஷ் கபூர் காலத்தில். நியூயார்க் மன்ஹாட்டனில் மேடிசன் அவென்யூவில் 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்' என்று காலரி வைத்திருந்த மனிதர் அவர். பெரிய பெரிய அருங்காட்சியகங்களுக்கு விற்றார். சிலவற்றுக்கு நன்கொடையாகவும் கொடுத்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2009இல் அவர் கொடுத்த இந்தியக் கோட்டோவியங்களை அவர் பெயரையே போட்டுக் கண்காட்சியாக வைத்தது. கொடுத்த ஓவியங்கள் எப்படி வந்தவையோ, அதற்குள் நான் போகவில்லை. சாமி விற்ற காசில் வள்ளல் பட்டம் வாங்குவதற்குத் தமிழில் ஒரு சொலவடை உண்டு. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது. இங்கே பிள்ளையாரும் கடையிலிருந்தே வந்தார்.

கபூருக்குச் சென்னையில் கை இருந்தது. சஞ்சீவி அசோகன் என்ற கலைப்பொருள் வணிகர். கடத்தல் முறை நம் நகரவாசிகளுக்குப் பழக்கமான காட்சிகளுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. சுவாமிமலைப் பாணியில் வார்த்த புது நடராசர்கள், கைவினைப் பொருள் கடைகளின் கண்ணாடிக்குள் வரிசையாக ஆடிக்கொண்டிருப்பதை யார் பார்க்கவில்லை? அவற்றை ஏற்றுமதி செய்வதில் சட்டக் குற்றம் எதுவுமில்லை. புதுச் சாமிகள் பத்து இருபதுக்கு நடுவில் பழைய சாமி ஒருவரை வைத்து, எல்லாம் கைவினைப் பொருள் என்று எழுதிக் கப்பலேற்றினால் சுங்க அதிகாரிக்கு வேறுபாடு தெரிய வேண்டும். நூறு வயதைத் தாண்டிய பொருளை வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு சிறை. ஐம்பது லட்சம் டாலருக்கு விலைபோகிற பொருளுக்கு மூன்று ஆண்டு என்றால், வருஷத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறவன் இருக்கத்தான் செய்வான்.

ஐம்பது லட்சம் என்று சும்மா சொல்லவில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பிரகதீசுவரர் கோயில் ஒன்று இருக்கிறது, தஞ்சைப் பெரியவருக்கு ஊர் தெரியாத தம்பி மாதிரி. பூட்டியே கிடந்தது. அங்கிருந்த செப்புத் திருமேனிகள் 2006இல் களவு போயின. போனது ஊருக்குத் தெரிந்தது 2008இல், சாமிகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக அதிகாரிகள் கதவைத் திறந்தபோது. இரண்டு வருஷம் கருவறைக்கு உள்ளே ஆண்டவன் இல்லை, ஆனால் வெளியே பூட்டு இருந்தது. கபூரையும் அவர் ஆட்களையும் கரித்துக்கொட்டுகிறவர்கள் அந்த இரண்டு வருஷத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். சிவன் சொத்து குலநாசம் என்று பாட்டிமார் சொல்லிச் சொல்லித் திருடனைப் பயமுறுத்தினார்கள். காவல் காப்பதற்கு அந்தப் பழமொழியைவிட மலிவான மெய்க்காவலர் கிடைக்கவில்லை என்று நாம் விட்டுவிட்டோம் போலும்.

ஸ்ரீபுரந்தான் நடராசரைக் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதே கோயிலின் உமா பரமேசுவரி சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போனாள்; அது ஆறரை லட்சம் டாலர். சிவனையும் உமையையும் வெவ்வேறு நாட்டுக்கு விற்ற வியாபாரத்தில் மணவிலக்குச் சட்டம் எதுவும் குறுக்கே வரவில்லை.

கான்பெரா நடராசருடன் வந்த கதையைப் பார்ப்போம். தில்லியில் 1968 முதல் 1971 வரை பணியிலிருந்த சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் அதை வாங்கினாராம், பிறகு அது குடும்பச் சொத்தாக இருந்ததாம். இதில் ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். அர்த்தநாரி ரசீதும் 1970. கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970. இந்தியத் தொல்பொருள் சட்டம் 1972, அமலுக்கு வந்தது 1976. கபூரின் சரக்கில் சட்டம் வருவதற்குக் கொஞ்சம் முந்தியே ஊரைவிட்டுக் கிளம்பிய சாமிகள் அதிகம். பஞ்சாங்கம் பார்த்துப் பிரயாணம் செய்த மாதிரி. நாவலாசிரியர்களுக்குக் கதை நடக்கும் காலத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உண்டு. ரசீது ஆசிரியர்களுக்குக் காலத்தைத் தேர்ந்து கொடுத்தது சட்டப் புத்தகம். பாத்திரத் தேர்விலும் ஒரு கைதேர்ந்த எழுத்துக்காரரின் யோசனை தெரிகிறது. தூதரக அதிகாரி என்றால் பணம் இருக்கும், சாமான் கட்டி அனுப்ப வசதி இருக்கும், ஊர் மாறிக்கொண்டே இருப்பார், முப்பது வருஷம் கழித்துத் தேடிப்பிடித்துக் கேட்பது கஷ்டம்.

எழுத்தாளர்கள் பிடிபட்டது நல்ல வாசகர்களால். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களின் நடுவிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக் குவித்தது. லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள். ஸ்ரீபுரந்தான் நடராசரை 1994இல் எடுத்த படம் அதில் இருந்தது. 1994இல் அரியலூர்ப் பக்கத்தில் நின்றவர் 1971க்கு முன்பே தில்லியில் விலைக்குப் போயிருக்க முடியாது. அவ்வளவுதான் வாதம். ஆடை மடிப்பு, திருவாசியின் சுடர், வார்ப்பில் விழுந்த சின்னக் குறை என்று அங்கம் அங்கமாக ஒப்பிட்டு இணையத்தில் எழுதியவர்களில் முக்கியமானவர், சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எஸ். விஜய்குமார். அவர் 2018இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 'சிலைத் திருடன்' என்று தமிழிலும் வந்திருக்கிறது. கற்பனை கலவாத நூல்தான், ஆனால் துப்பறியும் நாவலைக் கீழே வைக்க முடியாத மாதிரிதான் அதையும் வைக்க முடியவில்லை. குறையும் ஒன்று உண்டு: அதில் வில்லன் ஒரே ஆள் மாதிரி தோன்றிவிடுகிறான். தலைப்பு ஒருமையில் இருப்பதன் தோஷம்.

கபூர் 2011 அக்டோபர் 30 அன்று ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் கைதானார். 2012 ஜூலையில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். அமெரிக்காவில் அவருடைய கிடங்குகளிலிருந்து கைப்பற்றப்பட்ட பொருட்கள் இரண்டாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேல். அவருடைய காலரி மேலாளர் 2013 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பொய்ப் பூர்வோத்தரம் தயாரித்ததும் அதில் அடக்கம். சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் திருட்டு வழக்கில் 2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்கும் சஞ்சீவி அசோகன் முதலானோருக்கும் சிறைத் தண்டனை விதித்தது. கபூருக்குப் பத்து ஆண்டு. கைதுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் பதினோரு ஆண்டு. தண்டனைக் காலத்தைவிட விசாரணைக் காலம் நீளம் என்பதை எந்தத் திரில்லர் எழுத்தாளரும் கதைக்குள் கொண்டுவரத் துணிய மாட்டார். வேகம் குறைந்துவிடும் என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

2016 கோடையில் காட்சி ஆழ்வார்ப்பேட்டைக்கு மாறியது. மயிலாப்பூருக்கும் தேனாம்பேட்டைக்கும் நடுவில், டாக்டர்களும் ஆடிட்டர்களும் சபா செயலாளர்களும் குடியிருக்கிற மரமடர்ந்த தெருக்கள். அங்கே முரேஸ் கேட் சாலையில் தீனதயாளன் என்ற எண்பது வயது தாண்டிய கலைப்பொருள் வணிகரின் வீட்டில் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு நுழைந்தது. உள்ளே கல்லும் உலோகமும் ஓவியமுமாக நூற்றுக்கணக்கில். லாரி லாரியாக ஏற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்த சென்னைக்காரர்கள் சிலர், இவ்வளவு கனத்தை அந்த வீட்டு மாடி தாங்கியிருக்கிறதே என்று கட்டடப் பொறியியலை வியந்தார்கள். கடத்தல்காரன் என்றால் எழுபது எண்பதுகளின் தமிழ் சினிமா நமக்கு ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தது: குளிர்கண்ணாடி, சுழலும் நாற்காலி, மலைக் குகை, மரப்பெட்டிக்குள் வைக்கோல். காலை நடைக்குப் போகிற, பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்கிற முதியவர் அந்தப் படத்தில் இல்லை.

தமிழ்க் குற்ற நாவலும் இந்தப் படத்தை வரையவில்லை என்பது கொஞ்சம் விசித்திரம். அந்த நாவல்களில் பல பிறந்ததே இந்த வட்டாரத்தில். தமிழ்வாணனின் சங்கர்லால் புத்தகங்களைத் தியாகராய நகர் தணிகாசலம் சாலையிலிருந்து மணிமேகலைப் பிரசுரம் வெளியிட்டது. சுஜாதா கடைசிக் காலத்தில் மயிலாப்பூர்வாசி. அவருடைய கணேஷும் வசந்தும் தம்புச் செட்டித் தெரு வக்கீல்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி எல்லாரும் துப்பறிகிறவர்கள். நம் வாசகனுக்குத் துப்பறிகிறவன் வேண்டும்; திருடனைக் கதாநாயகனாக உட்காரவைத்து அவனோடு சேர்ந்து சிரிக்கிற பழக்கம் அதிகமில்லை. 1970இல் அமெரிக்காவில் வந்த இரண்டு நாவல்களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். டொனால்ட் வெஸ்ட்லேக்கின் 'தி ஹாட் ராக்' நாவலில் ஒரே மரகதத்தை டார்ட்மண்டர் கூட்டம் திரும்பத் திரும்பத் திருட வேண்டியிருக்கிறது. பட்ரீசியா ஹைஸ்மித்தின் 'ரிப்ளி அண்டர் கிரவுண்ட்' செத்துப்போன ஓவியன் உயிரோடு இருப்பதாக நடித்துப் போலி ஓவியம் விற்கிற கூட்டத்தைப் பற்றியது. நம் கதைக்கு ஹைஸ்மித்தே கிட்டத்தில் நிற்கிறார். அங்கே கொலையைவிடப் பயங்கரமானது, போலிக்கு ஒரு வாழ்க்கை வரலாறு இருக்கிறது என்பது.

நம் சிலைத் திருட்டில் டார்ட்மண்டர் மாதிரி ஒருவன் தலைவனாக நிற்க இடமில்லை. பூட்டு உடைத்தவன், வேன் ஓட்டியவன், சென்னையில் பெட்டி கட்டியவன், சான்றிதழுக்குப் படம் எடுத்தவன், லண்டனில் பழுது நீக்கியவன், நியூயார்க்கில் கதை எழுதியவன், அதை நம்பத் தயாராக இருந்த அருங்காட்சியகக் காப்பாளர் என்று சங்கிலி போகிறது. முதல் கண்ணிக்குக் கிடைத்தது பத்தூர்க் கணக்கில் இருநூறு ரூபாய். கடைசிக் கண்ணிக்கு விருது. ஒவ்வொருவரும் தன் கண்ணியை மட்டும் பார்த்துக்கொண்டால் யாருமே திருடன் இல்லை. பெட்டி கட்டியவரைக் கேட்டால், ஐயா நான் பெட்டிதான் கட்டினேன் என்பார், அதில் பொய்யும் இருக்காது.

மயிலாப்பூருக்கே திரும்பலாம். கபாலீசுவரர் கோயிலில் புன்னை மரத்தடியில் புன்னைவனநாதர் சந்நிதி. உமை மயிலாக வந்து சிவனைப் பூசித்த இடம். ஊருக்கே பெயர் கொடுத்த கதை. அங்கிருந்த மயில் சிலையின் அலகில் மலர் இருந்தது, 2004 குடமுழுக்கை ஒட்டி அது மாற்றப்பட்டது, இப்போது அலகில் பாம்பு இருக்கிறது என்று புகார் எழுந்தது. பூசைக்கு வந்த மயில் வாயில் பூ இருக்குமா, பாம்பு இருக்குமா? சாதாரண மயிலுக்குப் பாம்பு பொருத்தம்தான், அம்பாளுக்கு அல்ல. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. பழுதான சிலைகளை நீர்நிலையில் விடுவது வழக்கம் என்பதால், 2022இல் கோயில் குளத்தில் இறங்கித் தேடினார்கள். தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் கருவிகளோடு. கடலடி ஆராய்ச்சிக்கு இருக்கிற நிறுவனம், தெப்பக்குளத்தில் ஒரு பறவையைத் தேடியது.

இதில் திருட்டு நடந்ததா, யாரால் என்பதற்குள் நான் நுழையவில்லை; அது நீதிமன்றத்தின் வேலை. என் அக்கறை வேறு. கருவறைக்கு எதிரே தினமும் ஆயிரக்கணக்கானோர் சுற்றி வருகிற, நகரத்தின் நெஞ்சில் இருக்கிற கோயிலில், ஒரு சிலையின் வாயில் என்ன இருந்தது என்ற எளிய கேள்விக்கு விடை காண நீதிமன்றமும் முக்குளிப்பவர்களும் வேண்டியிருந்தது. நாம் கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். ஸ்ரீபுரந்தான் நடராசருக்கு ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் படம் இருந்தது. பல கோயில்களின் சொத்துப் பதிவேட்டில் பெயரும் உயரமும் எடையும் மட்டும் ஒரு வரியாக இருக்கும், படம் இருக்காது. எடையையும் உயரத்தையும் வைத்துக்கொண்டு ஒரு நகலை வார்த்துவிடலாம். முகத்தை வைத்துக்கொண்டு வார்ப்பது கொஞ்சம் கஷ்டம். ரசீது எழுதுகிறவன் இந்த வேறுபாட்டை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தான்.

தமிழ்க் கடத்தல் கதைகளில் கடைசி அத்தியாயம் நமக்கு மனப்பாடம். சிலை மீட்கப்படும், மேளம் கொட்டும், ஊரே திரண்டு சாமியை உள்ளே கூட்டிப்போகும். தஞ்சைப் பெரிய கோயிலின் ராசராசன், லோகமாதேவி திருவுருவங்கள் அகமதாபாத்திலிருந்து 2018இல் திரும்பியபோது ஏறக்குறைய அப்படியே நடந்தது. ஸ்ரீபுரந்தான் நடராசருக்கு அப்படி அமையவில்லை. 2014இல் அர்த்தநாரியோடு சேர்த்து அவரையும் தில்லியில் இரு பிரதமர்கள் கைமாற்றிக்கொண்ட பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து, வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்டு, கும்பகோணத்துத் திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிற திருச்சி மத்திய சிறையில் அப்போது கபூர் விசாரணைக் கைதி. விற்றவரும் விலைபோனவரும் ஒரே காவிரிக் கரையில், ஒரே வழக்கின் பேரில், ஆளுக்கொரு பூட்டுக்குப் பின்னால் இருந்தார்கள். கபூருக்கு அவ்வப்போது வாய்தா இருந்தது. வெளியே வந்து போனார்.